அரைகுறை வேலைக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், மதுரை வட்டாரத்துப் பொறியியல் பட்டதாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி எதையும் செய்துபார்க்கத் துணிவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். அவர் சொன்ன காரணம்தான் சரியில்லை. துணிந்து ஒன்றைச் செய்துபார்த்த ஒரு பையனை நானே எப்படி முடக்கிப் போட்டேன் என்பதை எழுதினால் விஷயம் விளங்கும். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் வேறெங்காவது வெட்டுங்கள். என் தவற்றை ஒப்புக்கொள்ளும் இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

எனக்கு வயது 53. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதும் சிறிய அலுவலகம் ஒன்றை எஸ்.எஸ். காலனியில் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஆறு பேர். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நவதானிய மண்டி என்று மாசி வீதிகளைச் சுற்றித்தான் எங்கள் பிழைப்பு. 1996-இல் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது நான் ஒருத்திதான். எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் இன்னொரு பிளாப்பியில் நகலெடுத்துக்கொண்டு அதில் கை வைப்பேன். டாஸ் காலத்தில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகாது. பில், பில்2, பில்புது என்று பெயர் வைத்து வைத்து, கடைசியில் எது புதிது எது பழையது என்று எனக்கே மறந்துபோகும். மேலச் சித்திரை வீதிக் கடை ஒன்றில் ஆறு மாதம் பழைய பிளாப்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. பல பேர் ஒரே நிரலில் வேலை செய்ய ‘கிட்’ என்னும் கருவி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்கள் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி முடிவுக்கு வந்தபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது இது. நிரலின் ஒவ்வொரு மாற்றமும், யார், எப்போது, ஏன் செய்தார் என்ற குறிப்போடு ஒரு களஞ்சியத்தில் பதிவாகும். அலுவலகத்துக்குப் பொதுவாக ஒரு களஞ்சியம் சர்வரில் இருக்கும். அதன் முழு நகல் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்.

மென்பொருள் வாடையே படாத வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் தந்தையார் கீழமாசி வீதி மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பகல் முழுவதும் வருகிற போகிற மூட்டைகளைச் சிட்டையில் பென்சிலால் கிறுக்கிக்கொள்வார். அடித்தல், திருத்தல், ஓரத்தில் வெற்றிலைக்காரருக்குக் கொடுத்த காலணா எல்லாம் அதில் இருக்கும். கடை கட்டிய பிறகு உட்கார்ந்து, சரிபார்த்து, மையில் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் அழிக்கக் கூடாது. தவறு வந்தால் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிட் களஞ்சியத்தில் ஒரே நிரலைத் தனித்தனிப் பாதைகளாக வளர்க்கலாம், அவற்றுக்குக் கிளைகள் என்று பெயர். முதன்மையான மெயின் கிளை என்பது எங்களுக்குப் பேரேடு. இரவு 11 மணிக்கு அதில் இருப்பது எதுவோ அது தானாகவே எல்லாக் கடைகளின் கணினிக்கும் போய்விடும்படி வைத்திருந்தோம். ‘வைத்திருந்தோம்’ என்பதைக் கவனியுங்கள். முட்டாள்தனம் அங்கேயே தொடங்குகிறது.

அந்தப் பையன் உசிலம்பட்டிக்காரன். நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதல் வகுப்பில் தேறியவன். தினமும் பஸ்ஸில் வந்து போவான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், பில் தொகையை முழு ரூபாய்க்குச் சரிக்கட்டும் ரவுண்ட் ஆஃப் கணக்கில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்தான். யாரும் கேட்காமல், வேறு விதமாக எழுதினால் என்ன என்று செய்துபார்க்கத் தொடங்கினான். வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் இப்படி ஒருவன் வரமாட்டானா என்றுதான் ஏங்குவார்கள்.

செய்துபார்க்க வேண்டுமென்றால் போலி பில் போட வேண்டும். வாடிக்கையாளர் பெயர் கேட்காத பில்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரொக்கம்’ என்று அச்சாகும். எது தன் சோதனை பில் என்று தெரிவதற்காக, இது போன்ற மதிப்புகளை எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘அப்பத்தா’ என்று போட்டுக்கொண்டான். ரூபாய் 5,000-க்கு மேல் போனால் 500 தள்ளுபடி என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டான். கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கத்தான். மாலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவனுக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருந்த மூன்றே மூன்று கட்டளைகளை வரிசையாக அடித்தான். ‘கிட் ஆட் புள்ளி’: மாறியது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள். ‘கமிட்’: பதிவுசெய். ‘புஷ்’: சர்வருக்கு அனுப்பு. கமிட் குறிப்பு என்ன தெரியுமா? ‘மாற்றம்’. அவ்வளவுதான்.

மறுநாள் ஆவணி முகூர்த்தம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் காலை முதலே கல்யாணக் கூட்டம். பதினொன்றரை மணிக்கு முதலாளி எனக்குத் தொலைபேசியில் பேசினார். “அம்மா, எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உங்களுக்கு அப்பத்தாவா?” என்றார். அதற்குள் 27 பில்கள் அப்பத்தா பெயரில் போயிருந்தன. எல்லாமே பட்டு, எல்லாவற்றிலும் 500 ரூபாய் குறைவு. 13,500 ரூபாயை நான் கொடுத்தேன். கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்டவர், பணத்தைச் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

இதுவரை நடந்ததில் யார் தவறு என்று இப்போது கேட்டால் என் தவறு என்பேன். மெயின் கிளையில் நேரடியாக யாரும் புஷ் செய்ய முடியாதபடி சர்வரில் பூட்டுப் போடலாம். இன்னொருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் சேரும் என்று வைக்கலாம். பத்து நிமிட வேலை. பேரேட்டைத் திண்ணையில் திறந்துபோட்டுவிட்டு, போகிற பிள்ளை கிறுக்கிவிட்டது என்று கத்துவதில் என்ன நியாயம்? ஆனால் அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பையனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “இனிமேல் உன் சோதனை எதுவும் பொதுக் களஞ்சியத்துப் பக்கம் வரக் கூடாது. எல்லாம் உன் கணினியோடு இருக்கட்டும்” என்று சொன்னேன்.

அவன் சொன்னபடியே கேட்டான். அதுதான் வினையாகப் போனது.

மூன்று வாரம் கழித்து அவன் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். எங்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி அவன் கணினியில்தான் மாட்டியிருந்தது. நவதானிய மண்டிக்கு அவசரமாக ஒரு திருத்தம் அச்சடித்துப் பார்க்க வேண்டியிருந்ததால் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். சர்வரிலிருந்து புதியதை இழுத்தேன். கிட் மறுத்தது. இந்தக் கோப்புகளில் உள்ள உங்கள் உள்ளூர் (இந்தக் கணினியில் மட்டும் உள்ள) மாற்றங்கள் மேலெழுதப்பட்டுவிடும், முதலில் கமிட் செய்யுங்கள் அல்லது ஸ்டாஷ் செய்யுங்கள் (ஒதுக்கி வையுங்கள்) என்று கோப்புகளின் பெயரோடு பட்டியல் போட்டு எச்சரித்தது. கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. மண்டிக்காரர் மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தார். பையன் வேண்டாததைக் குப்பையாகப் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்து, ‘ரீசெட் ஹார்ட்’ என்று அடித்துவிட்டேன். கடைசியாகக் கமிட் செய்த நிலைக்கு எல்லாம் திரும்பிவிட்டது. மூன்று வாரமாக அவன் ஒரு கமிட்கூடச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான்தானே பயமுறுத்தி வைத்திருந்தேன்!

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து தோண்டினோம். கமிட் செய்ததை கிட் எளிதில் தொலைக்காது. கிளையையே அழித்துவிட்டாலும், நகர்ந்த தடமெல்லாம் ‘ரெஃப்லாக்’ என்ற நாட்குறிப்பில் இருக்கும். வழக்கமான அமைப்பில் 90 நாள், எந்தக் கிளையிலும் சேராமல் தொங்குவதற்கு 30 நாள். ஆனால் கமிட்டே செய்யாததற்கு ரெஃப்லாக் என்ன செய்யும்? அவன் ஏழு கோப்புகளில் கை வைத்திருந்தான். இரண்டை ஏதோ யோசனையில் ஒரு முறை ‘ஆட்’ செய்திருந்தான். ஆட் செய்த கணத்திலேயே கிட் உள்ளடக்கத்தைச் சேமித்துவிடும் என்பதால் களஞ்சியத்தைச் சோதிக்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையில் ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ என்று கொடுத்துத் தேடியபோது அவை கிடைத்தன, பெயர் இல்லாமல், அநாதைகளாக. புதிதாக உருவாக்கி ஆட் செய்யாமலே விட்டிருந்த ஒன்றை ரீசெட் தொடவில்லை, அது பிழைத்தது. மீதி நான்கு போயே போய்விட்டன. அந்த ரவுண்ட் ஆஃப் கணக்கு அந்த நான்கில்தான் இருந்தது.

“பரவாயில்லை அக்கா, மறுபடி எழுதிவிடுகிறேன்” என்றான். எழுதவில்லை. அதன் பிறகு நான்கு மாதம் அவன் எதையும் தானாகச் செய்துபார்க்கவில்லை. ஒரு வரி மாற்றுவதற்கும் என்னிடம் வந்து கேட்டான். வேலை தொடங்கும் முன் மொத்த நிரலையும் பென் டிரைவில் நகலெடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். 1996-இல் நான் நின்ற இடத்துக்கு அவனைக் கொண்டுபோய் விட்டிருந்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி அந்த நான்கு மாதத்தில் அவனைப் பார்த்திருந்தால், ‘துணிவில்லாத பட்டதாரி’ என்று அவனையும் பட்டியலில் சேர்த்திருப்பார்.

தந்தையாரின் கள்ளிப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த நாட்களில் ஒருநாள் வேறு எதற்கோ அதைத் திறந்தேன். உள்ளே கட்டுக் கட்டாகச் சிட்டைகள். பேரேடுகள் முதலாளி வீட்டில். சிட்டைகள் எங்கள் வீட்டில். ஒவ்வொன்றும் நூல் கோத்துத் தைத்து, மேலே தேதி போட்டு, அடுக்கி வைத்தது. அப்போதுதான் உறைத்தது. கிறுக்கல் என்பதற்காக அவர் அதை உதிரித் தாளில் எழுதவில்லை. அதற்கென்று ஒரு புத்தகம் வைத்திருந்தார். பேரேட்டில் கணக்கு உதைத்தால் அவர் போய்ப் பார்ப்பது சிட்டையைத்தான். நான் பையனுக்குப் பேரேட்டில் எழுதாதே என்று மட்டும் சொன்னேன். சிட்டை ஒன்றைக் கையில் கொடுக்கவில்லை.

கிட்டில் சிட்டைக்குப் பஞ்சமே இல்லை. என் வயதுக்காரர்களுக்கு அது உறைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் இதற்கு முன் சப்வெர்ஷன் என்ற கருவியில் பழகியவர்கள். அதில் கமிட் செய்தால் அந்தக் கணமே மையச் சர்வருக்குப் போய்விடும். அதனால் கமிட் என்றால் தேங்காய் உடைத்துவிட்டுச் செய்கிற காரியம் எங்களுக்கு. கிட்டில் கமிட் வேறு, புஷ் வேறு. கமிட் உங்கள் கணினியோடு நிற்கும்; எத்தனை வேண்டுமானாலும், எவ்வளவு அசிங்கமாக வேண்டுமானாலும் செய்யலாம். இப்போதைய எடிட்டர்களில் இரண்டையும் ஒரே பொத்தானில் அமுக்குகிற வசதி இருப்பதால் பிள்ளைகளும் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். முக்கால்வாசிப் பேர் விழிக்கிறார்கள்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் செய்துபார்க்கிற எதுவும் தனிக் கிளையில்தான். புதுக் கிளை என்றால் ஏதோ மொத்த நிரலையும் நகலெடுப்பது என்று பயப்படுகிறார்கள். கிளை என்பது 40 எழுத்து அடையாள எண் ஒன்றைத் தாங்கிய சின்னக் கோப்பு. வரி முடிவையும் சேர்த்தால் 41 பைட். அவ்வளவு மலிவானதற்குக் கஞ்சத்தனம் எதற்கு? மதியச் சாப்பாட்டுக்கு எழும் முன் ஒரு கமிட், வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கமிட். அந்தச் சோதனைக் கிளையையும் மாலையில் சர்வருக்கு அனுப்பிவிடுவோம், மெயினில் சேர்க்காமல், அவரவர் பெயர் முன்னொட்டோடு. மடிக்கணினி வைகைப் பாலத்தில் கீழே விழுந்தாலும் வேலை போகாது. உள்ளூர் மாற்றம் என்பதை ஒரே வட்டில் மட்டும் இருக்க வேண்டியது என்று நான் புரிந்துகொண்டிருந்ததுதான் நான்கு கோப்புகளைத் தின்றது.

அப்பத்தா விவகாரத்துக்கு வேர் அமைப்புக் கோப்பு. இது பற்றிக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லா அலுவலகத்திலும் இந்த வேர் இருக்கிறது. டேட்டாபேஸ் முகவரி, அச்சுப்பொறிப் பெயர், சோதனைக்கான மதிப்புகள் இவையெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அந்தக் கோப்பு பொதுக் களஞ்சியத்தில் இருந்தால் ஒவ்வொருவர் கணினியிலும் அது எப்போதும் ‘மாறியது’ என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் யாராவது ஆட் புள்ளி போட்டு அனுப்பிவிடுவார்கள். கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளைக் குறிக்கும் ‘கிட் இக்னோர்’ பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தோம். ஏற்கெனவே களஞ்சியத்தில் பதிவாகிவிட்ட கோப்பை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது. பிறகு ஒருவர் ‘ஸ்கிப் ஒர்க்ட்ரீ’ என்று ஒரு கொடியைக் கண்டுபிடித்து வந்தார். அந்தக் கோப்பின் மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டிடம் சொல்வது போல அது. இரண்டு வாரம் அமைதியாக இருந்தது. சர்வரில் அதே கோப்பு உண்மையாகவே மாறிய நாளில், இழுக்கவும் முடியாமல், ஏன் என்றும் தெரியாமல், அரை நாள் போயிற்று. எது மாறியிருக்கிறது என்று காட்டும் ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் எல்லாம் சுத்தம் என்கிறது! கிட்டின் சொந்த ஆவணத்திலேயே இந்தக் கொடியும் அதன் அண்ணன் ‘அஸ்யூம் அன்சேஞ்ட்’ கொடியும் இந்த வேலைக்கு உரியவை அல்ல என்று எழுதியிருக்கிறது. படித்திருந்தால்தானே!

இப்போது மாதிரிக் கோப்பு ஒன்றுதான் களஞ்சியத்தில் இருக்கிறது. அவரவர் அதை நகலெடுத்து உண்மைக் கோப்பை உருவாக்கிக்கொள்கிறார்கள். உண்மைக் கோப்பின் பெயர் இக்னோர் பட்டியலில். சிலருக்கு அவரவர் கணினியில் மட்டும் கிடக்கும் குறிப்புகள், சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் இருக்கும். அவற்றைப் பொதுப் பட்டியலில் சேர்த்து அடைக்க வேண்டாம். கிட் கோப்புறைக்குள் ‘இன்ஃபோ’வில் ‘எக்ஸ்க்ளூட்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது, அது யாருக்கும் போகாது. அப்பத்தா இன்றைக்கும் அந்தப் பையனின் அமைப்புக் கோப்பில் வசிக்கிறார். அங்கேயே இருக்கட்டும்.

ஆட் புள்ளியை நான் தடை செய்யவில்லை. தடை செய்து செய்து கண்ட பலன் போதும். ‘ஆட் மைனஸ் பீ’ என்று கொடுத்தால் கிட் ஒவ்வொரு மாற்றத் துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா வேண்டாமா என்று கேட்கும். அரிசியில் கல் பொறுக்குவது போல. பழகினால் கை தானாகப் போகும். பிறகு ‘டிஃப் ஸ்டேஜ்ட்’ போட்டு, அனுப்பப் போவதை ஒரு முறை படித்துவிட வேண்டும். நான் வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஸ்டாஷ் பற்றி ஒரு வார்த்தை. பாதி வேலையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க உதவுவது அது. எங்கள் அலுவலகத்தில் அதற்குப் ‘பரண்’ என்று பெயர். பரணில் ஏற்றிய பொருள் போகிக்குத்தான் கீழே இறங்கும், அதுவும் எரிப்பதற்கு. ஒரு பெண்ணின் கணினியில் 17 ஸ்டாஷ்கள் பார்த்தேன். எது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. குறிப்பு எழுதாமல் ஏற்றினால் எல்லாம் ஒரே முகமாக இருக்கும். புதிதாக உருவாக்கி இன்னும் ஆட் செய்யாத கோப்புகளைத் தனியே சொன்னாலொழிய ஸ்டாஷ் எடுத்துக்கொள்ளாது என்பதும் பலருக்குத் தெரியாது. புஷ் செய்தாலும் அது சர்வருக்குப் போகாது. டீ குடித்துவிட்டு வரும் வரைக்கும் பரண் போதும். ஒரு இரவு தாண்டினால் கிளைதான்.

பாதிச் சோதனையில் இருக்கும்போது கடைக்காரர் அழைத்தால், இப்போது யாரும் எதையும் ஒதுக்குவதுகூட இல்லை. 2015 முதல் கிட்டில் ‘ஒர்க்ட்ரீ’ வசதி இருக்கிறது. அதே களஞ்சியத்தின் இன்னொரு கிளையை இன்னொரு கோப்புறையில் விரித்துக்கொண்டு, அவசரத்தை அங்கே முடித்துவிட்டு, சோதனைக்குத் திரும்பலாம். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் பையனின் கோப்புகளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

சோதனை வெற்றி என்றால் மெயினில் ஏற்றும் முன் அந்தக் கிறுக்கல் கமிட்களை இரண்டு மூன்றாகச் சுருக்கி, ஒழுங்கான குறிப்பு எழுதுவோம். தன் கிளையில் மட்டும்தான் இந்தத் திருத்தம். மற்றவர்கள் எடுத்துவிட்ட வரலாற்றை மாற்றி எழுதினால் அலுவலகத்தில் சண்டை வரும், வந்திருக்கிறது. கிளையை ரொம்ப நாள் தனியே விட்டாலும் ஆகாது. ஆட்டி வைத்த மாவு போலத்தான்: ஓர் இரவு புளித்தால் இட்லி, மூன்று நாள் ஆனால் வாளியோடு கொட்ட வேண்டும். தினமும் மெயினில் வந்ததைத் தன் கிளைக்கு இழுத்துச் சேர்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் இல்லை. கடவுச்சொல் ஒன்று தவறிப்போய் சர்வருக்குப் போய்விட்டால் மட்டும், அந்த வரியை நீக்கி இன்னொரு கமிட் போட்டு ஆறுதல் அடையாதீர்கள். பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். இயற்பியல் ஆய்வகத்தில் நம் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு நோட்டு வைத்திருந்தவர்கள்தான். அப்சர்வேஷன் நோட்டில் அளவுகளைக் கிறுக்குவார்கள். ஆசிரியர் அதிலும் சிவப்பு மையால் கையெழுத்துப் போடுவார். பிறகு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து அழகாக எழுதுவார்கள். கிறுக்கல் நோட்டுக்கும் கையெழுத்து உண்டு, அது இல்லாமல் ரெக்கார்டு செல்லாது. அதே பிள்ளை கணினி ஆய்வகத்துக்குப் போனால் முதல் நோட்டு காணாமல் போய்விடுகிறது. சரியான விடை வந்த நிரலை அச்சடித்து ஒட்டினால் மதிப்பெண். தவறிப்போன ஐந்து முயற்சிகளைக் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை. அப்படி மூன்று ஆண்டு பழகிய பிள்ளையிடம், நான்காம் ஆண்டு முடிந்ததும் ‘சொந்தமாக எதையாவது செய்துபார்க்கத் தெரியவில்லையே’ என்று கேட்கிறோம்.

ப்ராஜெக்டுக்கு நான்கு பேரைச் சேர்க்கிறீர்கள். நான்கு பேருக்கும் ஒரே களஞ்சியம் கொடுங்கள். மெயினைப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வைவாவில் வெற்றி பெற்ற நிரலைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டால், கைவிடப்பட்ட கிளை ஒன்றைத் திறக்கச் சொல்லி, இதை ஏன் விட்டீர்கள் என்று ஆறாவது கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிற பிள்ளைக்கு நான் அன்றே வேலை தருவேன். இணையம் இல்லாத ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். கிட்டுக்கு இணையம் கட்டாயமில்லை, ஆய்வகத்தின் ஒரு மூலைக் கணினியே சர்வராக இருக்கப் போதும். வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் அரசு தகவல் தொழில்நுட்பப் பூங்கா கட்டியிருக்கிறது. உள்ளே போகிற பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இல்லையென்றால் அந்தக் கட்டடம் என்ன செய்யும்?

பையனைப் பற்றி முடித்துவிடுகிறேன். மெயினைப் பூட்டிய பிறகு அவனைக் கூப்பிட்டு, நான் செய்தது தவறு என்று சொன்னேன். முன்பு எல்லார் முன்னாலும் திட்டியதால், இதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினைந்து நாள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு ஒருநாள் காலை சர்வரில் புதிதாக ஒரு சோதனைக் கிளை தெரிந்தது. பெயர் தமிழில்: ‘அப்பத்தா’. கிட் அதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். உள்ளே 61 கமிட்கள் சேர்ந்தன, அதில் நாற்பதாவது வரைக்கும் கணக்கு தப்பாகவே வந்துகொண்டிருந்தது. தைப் பொங்கல் முடிந்த வாரம் நான் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து மெயினில் சேர்த்தேன். அந்த ரவுண்ட் ஆஃப் கணக்கு இப்போது எங்கள் கடைகள் அனைத்திலும் ஓடுகிறது, விளக்குத்தூண் ஜவுளிக்கடை உட்பட.

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் யாராவது அழைத்தால், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்து மாணவர்களோடு உட்காரத் தயாராக இருக்கிறேன். திருமங்கலம், மேலூர் பக்கம் என்றாலும் பஸ் இருக்கிறது. போக்குவரத்துச் செலவு வேண்டாம். மெயினில் நேரடியாக புஷ் செய்யும் அனுமதியை முதல் நாளே யாருக்கும் கொடுத்து வைக்காதீர்கள். கடிதம் வரும் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
எஸ்.எஸ். காலனி, மதுரை.

(பெயரை வெளியிட வேண்டாம். அந்த 27 பில்களை வாங்கியவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டு, அப்பத்தா பெயரில் இருக்கும் பில்லோடு சேலையை மாற்ற வந்தால், கடைக்காரர் மறுபடி என்னைத்தான் அழைப்பார்.)